வாலில் மூன்று பூஜ்யம்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. புதிதாக டேஷ்போர்டு வாங்கியிருக்கிறார்களாம். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு திரை. டேட்டாபேஸில் எந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது, எது திணறுகிறது என்று பச்சையும் சிவப்புமாக அதுவே வரைந்து, அதுவே அழித்து, அதுவே மறுபடி வரைகிறது. நல்ல காரியமெல்லாம் நான் ரிடையர் ஆன பிறகுதான் நடக்கும் என்பது தெரிந்த விஷயம். கை தட்டுகிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டுக் காபி கலக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் மேலிடத்திலிருந்து முதல் கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது: "எல்லாம் சரி, இதை எக்செல்லில் இறக்குகிற பட்டன் எங்கே?"

சிரித்ததில் காபி புரையேறிவிட்டது. என் நாற்காலியில் இப்போது இருக்கிற ரித்திகா என்ற பெண் அன்று சாயங்காலமே போன் செய்து புலம்பினாள். "மேடம் ஜி, கண்ணு முன்னால லைவா ஓடிட்டிருக்கு. அதைப் போய் எதுக்கு ஷீட்ல இறக்கிப் பாக்கணும்?" அவள் புலம்பியது இந்தியில், தமிழ் என்னுடையது. "கேட்டா இறக்கிக் குடு. ஆனா ஜாக்கிரதையா இறக்கு" என்றேன். ஏன் ஜாக்கிரதை என்றாள். சொன்னேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒரே ஒருவரைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்க வராது என்பதால் தைரியமாகவே எழுதலாம்.

நான் கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பா லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த கிளார்க். எனக்குக் கணக்கு வந்தது, பரீட்சை எழுதினேன், மத்திய அரசில் கம்ப்யூட்டர் பிரிவு என்று ஆர்டர் வந்தது. அதுவரை கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டிய காலம் அது. தில்லி ஜனவரியில் அந்தத் தரையில் காலுறையோடு நிற்பதுதான் நான் பெற்ற முதல் பயிற்சி. பிறகு டேட்டாபேஸ் என்று ஒன்று வந்தது. யாரை அனுப்பலாம் என்று பார்த்தார்கள். கல்யாணச் சாக்கும் பிரசவச் சாக்கும் சொல்லாமல் கையில் கிடைத்தவள் நான். ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்கிறவள் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. அதை வைத்தே கடைசிவரை ஓட்டிவிட்டேன்.

நான் ரிடையர் ஆவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் பிரிவு லோதி ரோடு பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. அரசு ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற வேலைக்கான இணையதளம் எங்கள் பொறுப்பு. மாதத்தில் சில நாட்கள் மட்டும் அது திறக்கும். காலியாக இருக்கிற வீடுகளைப் பார்த்து, எது வேண்டும் என்று ஊழியர்கள் விண்ணப்பிக்கலாம். தில்லியில் அரசாங்க வீடு என்றால் சும்மாவா? திறக்கிற அன்று காலையிலேயே ஊரிலுள்ள அத்தனை பேரும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, சொந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் தளத்தைத்தான் தட்டிக்கொண்டிருப்பார்கள். தளம் படுத்துவிடும். உடனே எங்கள் போன் எழுந்துகொள்ளும்.

ஏன் படுக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய மந்திரமில்லை. டேட்டாபேஸிடம் நாம் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் குவெரி என்று பெயர். இந்த வீட்டுக்கு எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், இவருக்கு வரிசையில் எத்தனையாவது இடம், இப்படி. எந்தக் குவெரி எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் தின்றது என்று டேட்டாபேஸ் தானாகவே கணக்கு வைத்திருக்கும். மெஷினை நிறுத்திப் போட்டால் அந்தக் கணக்கு போய்விடும். அதனால் தளம் மூடின மறுநாள், எவனாவது ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னால், அதை நான் ஒரு ஃபைலாக இறக்கிவிடுவேன். வெறும் எழுத்து ஃபைல். ஒரு வரிக்கு ஒரு குவெரி, நடுவே காற்புள்ளிகள். அதை டைரக்டரின் அறைக்கு மெயிலில் அனுப்பிவிட்டு என் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன். அதோடு என் வேலை முடிந்தது. இயந்திரத்தின் மூச்சு நாடி என் பாடு. எந்த புரோகிராமைத் திருத்துவது என்பது டைரக்டர் பாடு. அரசாங்கத்தில் ஒருவர் பாட்டை இன்னொருவர் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.

டைரக்டர் மல்ஹோத்ரா சாப். புள்ளிவிவரத்துறையிலிருந்து எங்களிடம் வந்தவர். மெலிந்த மனிதர். குளிர்காலத்தில் மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருப்பார்; நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறதா இல்லையா என்பது பங்குனி வரைக்கும் தெரியாது. மேஜையில் ஒரு பிளாஸ்க் வெந்நீர், ஓர் அடிஸ்கேல். டீ குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், நின்றுகொண்டு பேசுகிறவரை உட்காரச் சொல்லவும்மாட்டார். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் கையை லேசாகத் தூக்கி, "திகாவோ. பதாவோ மத்" என்பார். காட்டு, சொல்லாதே. காட்டுவது என்றால் அவர் அகராதியில் எக்செல் ஷீட். அதுவும் திரையில் இல்லை. பெரிய தாளில், படுக்கைவாக்கில், ஒரே பக்கத்தில். அந்தப் பக்கத்தின் மேல் அடிஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். எங்கேயாவது ஸ்கேல் நின்றால் அறையில் இருப்பவர்களுக்கு மூச்சும் நிற்கும்.

அவருக்கு ஒரு கொள்கை. மாதம் ஒரு குற்றவாளி. "பத்துப் பேரைத் திட்டினா பத்துப் பேரும் தப்பிச்சுடுவான், விஜயா ஜி. ஒருத்தனைப் பிடி." அந்த மாதத்தில் அதிக நேரம் தின்ற குவெரி எது, அதை எழுதியது யார்; அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். சிபாரிசுக்கு மசியாதவர். சொந்த மச்சானுக்கு வீடு ஒதுக்கச் சொல்லி வந்த போனை எங்கள் எதிரிலேயே வைத்தவர். தாளில் எது இருக்கிறதோ அதுதான் நியாயம் என்று மனசார நம்பினார்.

ஆரம்பத்தில் குவெரிகளை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் அரைப் பக்கம், முக்கால் பக்கம் போகும். அதற்குள்ளேயே ஆயிரம் காற்புள்ளி. ஷீட்டில் திறந்தால் கட்டங்களெல்லாம் கண்டபடி சிதறும். "இது என்ன நாவலா? நம்பர் போடுங்க" என்றார். போட்டோம். எப்படிப் போட்டோம் என்பதுதான் விசேஷம். எங்களுக்குத் தெரிந்த நம்பர் ஃபைல் நம்பர்தானே. அமைச்சகத்துக்கு ஒரு குறியீடு, அலுவலகத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று, தளத்தில் எந்தப் பகுதி என்பதற்கு ஒன்று, எல்லாம் போட்டு முடித்த பிறகு வாலில் மூன்று இலக்கத்தில் அந்தக் குவெரியின் வரிசை எண். பதினெட்டு இலக்கம். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒரு குவெரிக்கு இத்தனை கௌரவம் கிடைத்திருக்காது. படிக்கக் கண் வலிக்கும், நடுவில் இரண்டு கோடாவது போடலாம் சார் என்றேன். "கோடு போட்டா நம்பர் நம்பரா இருக்காது" என்றுவிட்டார். எந்த நம்பர் குவெரியை எழுதியது யார், எழுதச் சொன்னது யார் என்று தனியாக ஒரு பட்டியலும் வைத்துக்கொண்டோம்.

நம்பர் போட்ட முதல் மாதமே ஷீட் பல பக்கங்களிலிருந்து ஒரே பக்கத்துக்குச் சுருங்கிவிட்டது. மல்ஹோத்ரா சாப் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, ஒழுங்கு வந்தா எவ்வளவு சுத்தம்!" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

செல்லப்பாண்டியை இப்போது சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டைக்காரர். விமானப்படையில் இருந்துவிட்டு, நாற்பது தாண்டியதும் வெளியே வந்து, கம்ப்யூட்டர் படித்து, எங்களிடம் கான்ட்ராக்டில் புரோகிராமராகச் சேர்ந்தவர். ஆபீஸில் யாருக்கும் அவர் பெயர் வாயில் நுழையவில்லை. 'பாண்டே ஜி' ஆக்கிவிட்டார்கள். உத்தரப்பிரதேசத்துப் பண்டிதர் என்றெண்ணி ஒருவர் அவரிடம் பையன் ஜாதகத்தைக்கூட நீட்டியிருக்கிறார். இவரும் வாங்கிப் பார்த்துவிட்டு, "வைகாசிக்கு மேல நல்லாருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். படையில் பழகின பழக்கம், காலை ஒன்பதுக்கு முன்னால் சீட்டில் இருப்பார். கரோல் பாக்கில் ஒரு மாடியில் வாடகை. மனைவி, ஒரே மகள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பெண். "பென்ஷன் அருப்புக்கோட்டைக்குப் போதும் மேடம், கரோல் பாக்குக்குப் பத்தாது" என்பார். மகள் பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் இந்த வேலை நின்றால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை. அவருடைய கான்ட்ராக்ட் ஒவ்வொரு டிசம்பரோடும் முடியும். டைரக்டர் ஒரு வரி எழுதினால் மறு வருஷத்துக்கு நீளும்.

அந்த வருஷம் டிசம்பரில் தளம் படுத்ததைப்போல் அதற்கு முன்னும் பின்னும் படுத்ததில்லை. பெரிய வீடுகள் சில காலியாகியிருந்தன. பெரிய வீடு என்றால் கேட்கிறவர்களும் பெரியவர்கள். ஒரு மிக உயர்ந்த அதிகாரியின் மனைவி காலையிலிருந்து முயன்றும் பக்கமே திறக்கவில்லையாம். புகார் ஜாயின்ட் செக்ரட்டரிக்குப் போய், அங்கிருந்து மல்ஹோத்ரா சாபுக்கு வந்து இறங்கியது. தளம் மூடி, என் ஃபைலும் போன மறுநாள் மீட்டிங். பெரிய தாள், அடிஸ்கேல். ஸ்கேல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. காத்திருப்போர் பட்டியல் பகுதியைச் சேர்ந்த ஒரே ஒரு குவெரி, தளத்தின் மொத்த நேரத்தில் முக்கால்வாசிக்கு மேல் தின்றிருந்தது. எழுதியவர்: செல்லப்பாண்டி.

"பாண்டே ஜி, தேக்கியே, பாருங்க" என்று தாளை அவர் பக்கம் தள்ளினார் டைரக்டர். பாண்டி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கை லேசாக உயர்ந்தது. சொல்லாதே. மீட்டிங் முடிந்தது. சாயங்காலத்துக்குள் இவருடைய கான்ட்ராக்டை நீட்டிக்க வேண்டியதில்லை என்று ஃபைலில் குறிப்பு எழுதி, அது மாடியேறி ஜாயின்ட் செக்ரட்டரியிடம் போய்விட்டது.

மறுநாள் காலை பாண்டி என் சீட்டுக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. என்னோடு மட்டும்தான் அவர் தமிழில் பேசுவார். "மேடம், அந்தக் குவெரி காலைல ஒருவாட்டி ஓடும். அம்புட்டுத்தேன். முந்தின நா வந்தவங்கள வரிசைல சேத்துட்டுப் படுத்துக்கிரும். ஒருவாட்டி ஓடுறது எப்பிடி மேடம் ஊரையே நிறுத்தும்?"

"நீங்க எழுதினப்போ ஒரு தடவைதான் ஓடியிருக்கும். அப்பறம் யாராவது வேற எங்கேயாவது அதைக் கூப்பிட்டிருக்கலாமே, பாண்டி."

"இல்ல மேடம். நா ராத்திரி பூரா யோசிச்சுட்டேன். வீட்டுல இன்னும் சொல்லல. பிள்ளைக்கு மாடல் எக்ஸாம் நடக்குது. நா சொன்னா எவன் கேக்கப்போறான்? நீங்க ஒருவாட்டி பாருங்களேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். என் பிரதியைத் திறந்தேன். நான் அதை எக்செல்லில் பார்ப்பதில்லை, டேட்டாபேஸுக்குள்ளேயே ஏற்றிப் பார்ப்பேன். பாண்டியின் குவெரி, வாலில் 001. தினம் ஒருமுறை ஓடியிருந்தது. தின்ற நேரம் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அப்படியானால் டைரக்டரின் தாளில் முதல் வரியில் நிற்பது எது?

நேரே ஷர்மா ஜியின் அறைக்குப் போனேன். டைரக்டரின் அந்தரங்கச் செயலர் அவர், தாளைத் தயாரிப்பது அவர்தான். காலடியில் ஹீட்டர், டிராயரில் வேர்க்கடலை, தங்கமான மனிதர். கடுகளவு தப்பு வந்தாலும் முழுக் கடிதத்தையும் மறுபடி அடிக்கிற ரகம். "ஷர்மா ஜி, நான் அனுப்பற ஃபைலை நீங்க ஷீட்டா மாத்தறதை ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பாக்கட்டுமா?" என்றேன். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மெயிலைத் திறந்தார். ஃபைல்மேல் இரண்டு தட்டு. ஷீட் விரிந்தது. நம்பர் இருக்க வேண்டிய பத்தியில் 1.1, அதற்குப் பக்கத்தில் ஒரு 'E', ஒரு கூட்டல் குறி, ஒரு 17 என்று வரிக்கு வரி ஒரே மாதிரி கிறுக்கலாக நின்றது. "தேக்கியே, ஒவ்வொரு மாசமும் இந்தக் கச்சடாதான் வரும். நான்தான் சரி பண்ணுவேன்" என்றார் பெருமையோடு. பத்தியை அகலமாக்கினார். நம்பர் என்று தேர்ந்தெடுத்தார். தசமப் புள்ளியை எடுத்தார். கிறுக்கல் மறைந்து பதினெட்டு இலக்கமும் வரிசையாக நிமிர்ந்து நின்றன. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நான் வாலைப் பார்த்தேன். 000. அடுத்த வரி, 000. அதற்கடுத்தது, 000. வேகமாகக் கீழே இறக்கச் சொன்னேன். கடைசிவரை எல்லாம் 000. எங்கள் வரிசை 001-இல் ஆரம்பிக்கிறது. வாலில் மூன்று பூஜ்யத்தோடு ஒரு குவெரி எங்கள் ஆபீஸில் பிறக்கவே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். எக்செல் ஒரு கணக்குப்பிள்ளை. எண்ணாகத் தெரிவதையெல்லாம் கூட்டிக் கழிக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். எண்ணில் பதினைந்து இலக்கம் வரைதான் அதற்கு நினைவு நிற்கும். அதற்கு மேல் வருவதைப் பூஜ்யமாக்கிவிடும். அது ஒளித்து வைத்த ரகசியமும் இல்லை, சொல்லிவிட்டுத்தான் செய்கிறது. ஆனால் பதினெட்டு இலக்கத்தில் கேள்விகளுக்கு நம்பர் போடுகிற ஒரு கூட்டம் தில்லியில் இருக்கும் என்று அது எதிர்பார்த்திருக்காது. வால் அறுந்ததும் ஒரு பகுதியிலுள்ள அத்தனை குவெரியும் ஒரே நம்பராகிவிட்டன. ஷர்மா ஜி நம்பர் வாரியாகக் கூட்டச் சொன்னதும் எல்லாருடைய நேரமும் ஒரே வரியில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஷீட் ஒரே பக்கமாகச் சுருங்கிய ஒழுங்கு அதுதான். அப்புறம் இந்த நம்பரை எழுதியது யார் என்று பட்டியலில் தேடச் சொல்கிறார். அந்தப் பட்டியலையும் இதே மாதிரிதான் திறக்கிறார். அதிலும் எல்லா வாலும் பூஜ்யம். தேடினால் முதலில் தட்டுப்படுகிற பெயரைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். காத்திருப்போர் பட்டியல் பகுதியில் முதல் குவெரியை எழுதியவர் பாண்டி. முதலில் எழுதினார் என்பதைத் தவிர அவர் செய்த பாவம் ஒன்றுமில்லை.

ஷர்மா ஜிக்குப் புரிந்ததும் வேர்க்கடலையைக் கீழே வைத்துவிட்டார். "மேடம், நான் நல்லா இருக்கட்டும்னுதானே சரி பண்ணினேன்? சாப்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லப்போறதில்லை ஷர்மா ஜி. சொன்னா அவர் எங்க கேக்கறார்? காட்டப்போறேன்."

டைரக்டரின் அறைக்குள் போனேன். வெந்நீரை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். "சார், ஒரு புது ஷீட் திறங்க. உங்க கிரெடிட் கார்டு நம்பரை அதில அடிங்க" என்றேன். பத்து விநாடி என்னையே பார்த்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, அல்லது அவர் பணத்தின்மேல் கண்ணா என்று யோசித்திருப்பார். பிறகு பர்ஸை எடுத்தார். நான் பார்த்துவிடாதபடி ஒரு ஃபைலைத் திரைக்குப் பக்கத்தில் தடுப்பாக நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால் அடித்தார். என்டர் தட்டினார். கிறுக்கல் வந்தது. பத்தியை அகலமாக்கி நம்பராக மாற்றச் சொன்னேன். மாற்றினார்.

"கடைசி எண் என்ன சார் காட்டுது?"

"ஸீரோ." கார்டைத் திருப்பிப் பார்த்தார். "என்னோடது ஏழாச்சே." அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் பூஜ்யம். மூன்றாவது முறை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். இந்தத் தடவை என்னிடமிருந்து எதையும் மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"உங்க கார்டு பதினாறு இலக்கம், அதனால ஒண்ணு போச்சு. நம்ம குவெரி நம்பர் பதினெட்டு, மூணு போச்சு" என்றேன். கையைத் தூக்கிச் 'சொல்லாதே' என்று தடுக்கவில்லை. மேஜைமேல் இருந்த அந்தப் பெரிய தாளை எடுத்து வாலை மட்டும் பார்த்தார். அடிஸ்கேல் கை பட்டுக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

அவர் கம்ப்யூட்டரிலேயே என் ஃபைலை மறுபடி திறந்து காட்டினேன். தட்டித் திறக்காமல், ஷீட்டுக்குள்ளிருந்து இறக்குமதி செய்து, இந்தப் பத்தி எண் இல்லை, எழுத்து என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். பட்டியலையும் அப்படியே ஏற்றினேன். பக்கம் பக்கமாக நீண்டது. நேர வாரியாக அடுக்கினேன். உச்சியில் அதே காத்திருப்போர் பட்டியல் பகுதியின் வேறொரு குவெரி நின்றது. தளத்தின் முகப்பில், ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த நிமிஷம் எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று பளிச்சென்று எண் காட்டுகிற பலகை. யார் பக்கத்தைத் திறந்தாலும், திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும், அது எல்லா வீட்டையும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து எண்ணும். எழுதியவர் எங்கள் நிரந்தர ஊழியர் ஒருவர். எழுதச் சொன்னவர் என்ற கட்டத்தில் 'டைரக்டர்' என்று இருந்தது. மக்களுக்கு ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று மல்ஹோத்ரா சாப் ஆசையாக வைக்கச் சொன்ன பலகை அது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் பாண்டிக்காக நான் பயந்தேன். ஃபைல் மேலே போயாயிற்று. ஒரு கான்ட்ராக்ட் ஆளை அனுப்பியாயிற்று என்று ஜாயின்ட் செக்ரட்டரியும் சமாதானமாகியிருப்பார். இந்தத் திரையை மூடிவிட்டு, பலகையை ஓசைப்படாமல் எடுத்துவிட்டால், எந்தப் பெரிய மனிதருக்கும் எந்தக் குறையும் வராது. அப்படி மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மல்ஹோத்ரா சாப் அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தார். மஃப்ளரை அவிழ்த்தார். "ஃபைல் எங்கே?" என்றார்.

"ஜாயின்ட் செக்ரட்டரி ரூம்ல, சார்."

பியூனைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். அவரே எழுந்துவிட்டார். லிஃப்டுக்கும் நிற்கவில்லை, படியேறினார். ஒரு டைரக்டர் ஃபைல் தேடி மாடியேறுவதை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்திருக்குமா என்று தெரியவில்லை. வழியில் நின்றவர்களெல்லாம் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். பின்னாலேயே நானும் ஓடினேன். உள்ளே போய் நின்றதும், "சார், அந்தக் குற்றவாளி கிடைச்சுட்டான். நான்தான்" என்றார். ஜாயின்ட் செக்ரட்டரி முதலில் சிரித்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் பழைய குறிப்பின்மேல் கோடு விழுந்து, பாண்டியின் கான்ட்ராக்ட் இன்னொரு வருஷத்துக்கு நீண்டது.

கீழே வந்து பாண்டியிடம் நானே சொன்னேன். குதிப்பார், கும்பிடுவார், மிட்டாய் வாங்கி வருவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். பாதி குடித்தபிறகு நிமிர்ந்து கேட்டார். "மேடம், நா இங்க வாரதுக்கு முன்னாடி இந்தச் சீட்டுல இருந்தவர எதுக்கு அனுப்புனாங்க?"

"தீபக்கா? ஷீட்ல அவன் பேர்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

தீபக் ரோத்தக்கிலிருந்து வந்த பையன். பாண்டி வருவதற்கு முந்தின வருஷம், விண்ணப்பப் பகுதியின் குற்றவாளியாகப் பிடிபட்டுப் போனவன். போகும்போது எல்லாரிடமும் கை கொடுத்துவிட்டுத்தான் போனான். அந்த மாதத்தின் ஃபைல் என் பிரதிகளில் இருந்தது. பாண்டியும் நானும் சேர்ந்தே திறந்தோம், இந்தத் தடவை சரியான முறையில். விண்ணப்பப் பகுதியில் தீபக் எழுதியது 001. நேர வாரியாக அடுக்கினால் கடைசிப் பக்கத்தில், கடைசிக்கு இரண்டு மூன்று வரி முன்னால் கிடந்தது.

அதை அச்செடுத்துக்கொண்டு மறுபடி டைரக்டரிடம் போனேன். இந்த முறை பாண்டியும் கூட வந்தார். மல்ஹோத்ரா சாப் கடைசிப் பக்கம் வரை படித்தார். ஷர்மா ஜியைக் கூப்பிட்டு தீபக்கின் நம்பரைத் தேடச் சொன்னார். கிடைத்ததும் ஸ்பீக்கரைப் போட்டு அவரே பேசினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் தீபக் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். குருகிராமில் ஒரு கம்பெனியில் இருக்கிறானாம், இங்கே வாங்கியதைவிட நல்ல சம்பளமாம். "கோயி பாத் நஹீன் சார், பரவாயில்லை, எனக்கு நல்லதாத்தான் ஆச்சு" என்றான். எங்களுக்கு மூச்சு வந்தது. டைரக்டர் போனை வைக்கப்போனார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றான் அவன். "எங்க அப்பா சர்க்கார் ரோட்வேஸ் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவர். சர்க்கார் சும்மா ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பாது, நீ என்னவோ பண்ணியிருக்கேன்னு இன்னிக்கும் சொல்றார். நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், நம்பறதில்லை. நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்வீங்களா?"

நம்பரைக் குறித்துக்கொண்டார். உடனே அடித்தார். கரகரத்த ஒரு வயசான குரல் எடுத்தது. மல்ஹோத்ரா சாப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம்.

"நமஸ்தே ஜி. தீபக் வேலை பார்த்த ஆபீஸ்லேருந்து, சர்க்கார்தான் பேசறேன். உங்க பையன் ஒரு தப்பும் பண்ணலை. தப்பு எங்களோடது."

அந்தப் பெரியவர் போனிலிருந்து முகத்தைத் திருப்பி வீட்டுக்குள் யாரையோ அவசரமாகக் கூப்பிடுவது கேட்டது. அப்புறம் குரல் எங்களிடம் திரும்பி வந்தது.

"சாப், இன்னொரு தடவை சொல்லுங்க. இவன் அம்மாவும் கேக்கட்டும்."

மல்ஹோத்ரா சாப் நின்றபடியே இன்னொரு தடவை சொன்னார்.